பூனை அறை ஜன்னல்

இந்தக் காலத்தில் யாரும் கை கழுவுவதில்லை. டீக்கடையில் வடையைத் தின்றுவிட்டு எண்ணெய் விரலைப் பழைய பேப்பரில் துடைக்கிறான், அதே கையால் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுகிறான். பஸ் கம்பியைப் பிடித்த கையோடு பணியாரத்தைப் பிட்டுத் தின்கிறான். நீங்கள் வந்தவுடன் சொம்பையும் சோப்பையும் நீட்டி முதலில் கையைக் கழுவுங்கள் என்றேன். முகம் சுளித்தீர்கள். படித்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். உங்கள் அப்பாவும் முதல் நாள் அப்படித்தான் சுளித்தார்.

டாக்டர் ஹரிநாராயணன் பொய்க்கணக்கு எழுதினார், குருட்டுப் பூனைக்குக் கண் தெரிந்ததாக உலகத்தை ஏமாற்றினார் என்று காலேஜில் இன்னமும் பேசுகிறார்களாம். அவர் செத்து இரண்டு வருஷம் ஆனபிறகும் பேசுகிறார்களாம். அது நிஜமா என்று என்னிடம் கேட்க வந்திருக்கிறீர்கள். நிஜமில்லை, பத்மாசினி அம்மா. உங்கள் அப்பா எழுதியதெல்லாம் அவர் பார்த்ததுதான். அந்தப் பூனைகளுக்குக் கண் தெரிந்தது. தெரிந்ததற்குக் காரணம் நான். வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் அழ வேண்டாம். அழுகிற ஆளிடம் எனக்குப் பேச வராது.

எழுபத்தைந்தாம் வருஷம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்னால் டவுனில் ஒரு நர்சிங் ஹோமில் தரை துடைத்தேன். ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் பார்த்தவன். பார்த்துத் துடைத்தால் எதுவும் அருவருப்பில்லை. பசுமலையில் காலேஜுக்குப் பின்னால் டாக்டருக்கு மூன்று அறை கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டில் ஆறு வருஷம் படித்துவிட்டு வந்தவர். அப்போது அவருக்கு நாற்பதுகூட இருக்காது. சாயம் போடுகிற குடும்பம் என்று சொன்னார். கை மட்டும் பொம்பளை கை மாதிரி வெளுப்பாக இருந்தது.

“எத்தனாப்பு படிச்சிருக்கீங்கண்ணே?” என்றார்.

“அஞ்சு. அதுலயும் கடைசி வருசம் பூரா மாடுதான் மேச்சேன்.”

“இருட்டுன்னா பயம் உண்டா?”

“இருட்டு என்ன செய்யும் சார்?”

“ஒண்ணும் செய்யாது. என்ன செய்யும்னு பாக்கத்தான் நான் கவர்மெண்டுகிட்ட காசு வாங்கிருக்கேன்” என்று சிரித்தார்.

அவர் சொன்ன விஷயம் இதுதான். கண் பார்ப்பதில்லையாம், மூளைதான் பார்க்குமாம். கண் வெறும் வாசல். பிறந்த சில மாதத்துக்குள் வாசல் வழியாக வெளிச்சம் போனால்தான் மூளை பார்க்கப் பழகும். அந்த நாளைத் தவறவிட்டால், பிறகு வாசலைத் திறந்துபோட்டாலும் உள்ளே ஆள் இருக்காது. அந்த நாள் எத்தனை நாள் என்று கண்டுபிடிப்பதுதான் அவருடைய வேலை. அதற்காகத் தாய்ப் பூனையை ஓர் இருட்டு அறையில் ஈன வைத்து, குட்டிகளை நாலு மாதம் வெளிச்சமே காட்டாமல் வளர்த்தார்.

நான் அதை ஒரு நாளும் நம்பவில்லை. இதோ இருக்கிறது என் கண். எழுபது வருஷமாக நான் இதனால்தான் பார்க்கிறேன். மூளையை யார் பார்த்தார்கள்?

அவர் பார்த்தார். அதற்குத்தான் அடுத்த அறை. பூனையை ஊசி போட்டுத் தூங்கவைத்து, மண்டையில் ஒரு துளை போட்டு, முடியைவிட மெல்லிய கம்பியை உள்ளே இறக்குவார். பூனையின் இமையை விரித்து வைத்து, எதிரே திரையில் ஒரு வெளிச்சக் கோட்டை இப்படியும் அப்படியும் நகர்த்துவார். கம்பியிலிருந்து ஓர் ஒயர் பெட்டிக்குப் போகும். கோடு நகர்ந்தால் பெட்டியிலிருந்து பொரி பொரிகிற மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆகிவிடும்.

“கேக்குதாண்ணே? பாக்குது பாருங்க.”

“பூனை தூங்குது சார்.”

“பூனை தூங்குது. மூளை பாக்குது.”

தூங்குகிற பூனை பார்க்கிறதாம், பெட்டி பேசுகிறதாம். மண்டையோட்டுத் தூளைத் துடைக்கிறவனுக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். மத்தியானம் சோற்றில் கை வைத்தால் அந்த வாடை வரும். அவர் அதே மேஜையோரம் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார்.

அது போகட்டும். என்னுடைய வேலை இருட்டு அறையில்தான். இரண்டு கதவு, நடுவில் கறுப்புத் திரை. முதல் கதவைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரே ஒரு ஜன்னல், கிழக்குப் பார்த்தது. அதை ஒரு பெரிய பலகையால் அடைத்து, விளிம்பெல்லாம் தார் பூசிய துணியைத் திணித்திருந்தார். டார்ச் கூடாது. பீடி கூடாது. ரேடியம் பூசிய கைக்கடிகாரம்கூடக் கூடாது. சுவரோரம் ஒரு கயிறு கட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டே போய், பால் கிண்ணத்தைத் தடவி எடுத்து, குட்டிகளைக் கையால் தடவி எண்ணி, மணல் தட்டைத் தடவித் துப்புரவு செய்ய வேண்டும். காலையும் சாயங்காலமும்.

முதல் நாள் என் கை நேரே பீயில் போய்ப் பட்டது. பிள்ளை பெற்ற பூனையின் கழிச்சல். சூடு ஆறாமல் இருந்தது. எது மணல், எது குட்டி, எது அது என்று தெரியவில்லை. கையை உதறினேன், முகத்தில் தெறித்தது. வெளியே வந்து அரை சோப்புத் தேயும்வரை கழுவினேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரி அன்னக்கொடி, “பூனைக்கு ஆயா வேலை பாக்கப் போன ஆம்பளைக்குச் சோறு எறங்குமா” என்று சிரித்தாள். அதோ, அந்த வாசலில் நின்று சிரித்தாள், தெருவே கேட்டது.

மூன்று வாரம் பொறுத்தேன். பலகையின் கீழ்ப்பக்கம் இரண்டு திருகாணி. ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவற்றைக் கழற்றிப் பலகையை மேலே தூக்கி ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தேன். வெயில் உள்ளே வந்து விழுந்தது. அப்போதுதான் அந்த அறை எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். சொல்ல விரும்பவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, பினாயில் போட்டுத் தேய்த்தேன். தரை காய வேண்டுமே, ஒன்பது மணி வரை திறந்தே வைத்தேன். ஒன்பதுக்குப் பலகையை மூடித் திருகாணியை முறுக்கி, தார்த் துணியைத் திணித்துவிட்டேன். டாக்டர் பத்து மணிக்குத்தான் வருவார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. குட்டிகள் ஜன்னல் திட்டில் ஏறி வெயில் காயும். ஈயைப் பிடிக்கத் தாவும். நான் ஏதோ பாவம் பார்த்துத் திறந்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பூனையை எனக்குப் பிடிக்காது. அதன் மயிர் சட்டையில் ஒட்டினால் அந்தச் சட்டையைத் தனியாக அலசுவேன். சுத்தத்துக்காகத்தான் திறந்தேன். அது தப்பா?

நாலு மாதம் கழித்துக் குட்டிகளை வெளியே எடுத்தார்கள். கூடத்தில் நாற்காலிகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டு, குட்டியை நடுவில் விட்டார் டாக்டர். எனக்கு முன்னால் அவரே கவனித்து வளர்த்த முதல் ஈத்துக் குட்டிகள், நாற்காலிக் காலில் முட்டி முட்டி, மேஜை விளிம்பு தெரியாமல் கீழே விழுந்தனவாம். இந்தக் குட்டிகள் காலுக்கு இடையில் வளைந்து போயின. ஒன்று அவருடைய செருப்பு வாரைப் பிடித்து விளையாடியது. டாக்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஈத்தும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

“அண்ணே, மொத ஈத்து நான் வளத்தது. ஒரே அசிங்கம், குட்டி பூராம் கழிச்சல்ல கெடந்துச்சு, நோஞ்சான். உங்க கை சுத்தம். குட்டி கொழுகொழுன்னு வளந்திருக்கு. ஒடம்பு தெம்பா இருந்தா மூளை காத்திருக்கும்ணே. வெளிநாட்டுல ஒருத்தனும் இதக் கவனிக்கல.”

என் கை சுத்தம் என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அவர் அதை எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பினார். அச்சாகி வந்தது. டெல்லிக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அந்தப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் என் பெயரையும் போட்டிருந்தார். பேயாண்டி என்று இங்கிலீஷில். எது என் பெயர் என்று விரல் வைத்துக் காட்டினார். அந்தத் தாளைக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன். பெட்டியில் இருக்கிறது, பார்க்கிறதென்றால் கையைக் கழுவிவிட்டு எடுங்கள்.

எழுபத்தேழில் என் தங்கச்சி மகள் முத்துத்தாய்க்குப் பெண் பிறந்தது. தங்கப்பொண்ணு என்று பெயர். அவனியாபுரத்தில் வீடு. புருஷன் விருமாண்டி லாரிப் பட்டறையில் வேலை. பிள்ளைக்கு மூன்றாம் மாதம் இரண்டு கண்மணியிலும் பால் விட்ட மாதிரி வெள்ளை தெரிந்தது. பிறவிப் புரை. டவுனில் ஒரு கண் டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஆனால் அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் உயிருக்கு ஆபத்து உண்டு என்றும் சொன்னார். முத்துத்தாய்க்கு அதற்கு முன்னால் ஒரு பிள்ளை தவறியிருந்தது. பயந்துபோய் என்னிடம் வந்தாள். நான்தான் அவளை உங்கள் அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் நிறைய நேரம் பிள்ளையின் கண்ணில் லைட் அடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். பிள்ளை மூன்றரைக் கிலோதான் இருக்கிறது. நன்றாகப் பாலும் முட்டையும் கொடுத்துத் தேற்றுங்கள், நாலு வயதில் ஆபரேஷன் செய்யலாம், பார்வை வரும் என்று. அவர் பொய் சொல்லவில்லை. அவர் பூனைகள் அவருக்குச் சொன்னதைத்தான் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் முத்துத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, அவுக படிச்சவுக, எதையாச்சும் சொல்லுவாக. நீங்க சொல்லுங்க. டவுன் டாக்டர் ஒடனே செய்யணும்ங்கிறார், இவுக பொறுக்கலாம்ங்கிறாக. நான் எதக் கேக்க?”

“நாலு வருசம் பொறு. ஒண்ணும் ஆகாது.”

“அந்தப் பூனைகளுக்கு நெசமாவே வெளிச்சம் படலையா மாமா? நீங்கதான உள்ள போய் வாரீக?”

“ஒரு பொட்டு வெளிச்சம் படல.”

“எம்பிள்ள மேல சத்தியமா?”

அவள் பிள்ளையை நீட்டினாள். தலையில் கை வைத்தேன். எண்ணெய் தடவிய தலை, உச்சி துடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, நான் காத்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலை போய்விடும் என்று இல்லை. அந்த வேலையை நான் எந்த நாளும் விட்டுவிட்டுப் போயிருப்பேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கண் நன்றாக இருந்தால் பார்க்கும். வெள்ளையை எடுத்துவிட்டால் பிள்ளை பார்க்கும். நான் ஜன்னலைத் திறந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் குட்டிகள் பார்த்திருக்கும் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எண்பத்தொன்றில் ஆபரேஷன் ஆனது. நல்லபடியாக ஆனது. கட்டுப் பிரிக்கிற அன்று உங்கள் அப்பாவும் நானும் நின்றோம். கண் இரண்டும் கறுகறுவென்று தெளிவாக இருந்தன. கெட்டிக் கண்ணாடி போட்டார்கள். முத்துத்தாய் ஒரு சிவப்பு வளையலைப் பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடித்தாள். பிள்ளை சும்மா இருந்தது. வளையலைக் குலுக்கினாள். உடனே காதைச் சாய்த்து, கையை நீட்டிச் சரியாகப் பிடித்துக்கொண்டது.

“அம்மா வளவி” என்றது.

“நான் எங்கடி இருக்கேன்? பாரு. என்னப் பாருடி” என்றாள் முத்துத்தாய்.

பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கையால் அவள் முகத்தைத் தடவிப் பார்த்தது.

போகப்போகப் பழகும் என்று ஆறு மாதம் பார்த்தார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிந்தது. வேறொன்றும் வரவில்லை. ஒரு நாள் உங்கள் அப்பா இருட்டு அறைக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து டார்ச்சைக் கேட்டு வாங்கினார். ஜன்னல் திட்டில் சுண்ணாம்பு முழுக்க நகக்கீறல். இடுக்கெல்லாம் பூனை மயிர். வெளிச்சம் காணாத பூனை அந்தத் திட்டைத் தேடி எதற்கு ஏறும்? திருகாணியின் தலையைத் தொட்டுப் பார்த்தார். தேய்ந்து பளபளவென்று இருந்தது.

“அண்ணே, இந்தப் பலகைய எப்பயாச்சும் தெறந்தீங்களா?”

“இல்ல சார்.”

மறுபடி கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். அடுத்த ஈத்துக் குட்டிகளை அவரே வளர்த்தார். காலையும் சாயங்காலமும் அந்த நாற்றத்துக்குள் அவரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு போனார். அறையையும் சுத்தமாகத்தான் வைத்திருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும். நாலு மாதம் கழித்துக் கூடத்தில் விட்டபோது ஐந்து குட்டியும் கொழுகொழுவென்று நடந்துபோய் நாற்காலிக் காலில் முட்டின.

அவர் என் பேரை யாரிடமும் சொல்லவில்லை. தன் முடிவு தப்பு, யாரும் அதை நம்ப வேண்டாம் என்று வெளிநாட்டுப் புத்தகத்துக்கு எழுதிப் போட்டார். ஏன் தப்பாயிற்று என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. அதனால்தான் பொய்க்கணக்கு என்றார்கள். கவர்மெண்டுப் பணம் நின்றது, அறையைப் பூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் எங்கே போனார் என்று உங்கள் அம்மாவுக்குச் சந்தேகம் இருந்ததாகச் சொன்னீர்களே. அவனியாபுரத்துக்குத்தான் போனார். கலர் கலராகப் பந்து வாங்கிக்கொண்டு போய், தங்கப்பொண்ணு முன்னால் உருட்டி உருட்டி, “எங்க இருக்கு சொல்லு, எங்க இருக்கு சொல்லு” என்று கேட்டுக்கொண்டிருப்பார். பிள்ளை அவருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு சொல்லும். சாகிறவரைக்கும் போனார்.

ஆக, ஜன்னலைத் திறந்தது நான். அவரிடம் இல்லையென்றது நான். பிள்ளை தலையில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தது நான். இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன், உங்கள் அப்பாவின் பெயர் சுத்தமாகட்டும். ஆனால் பிள்ளைக்குப் பார்வை போனதற்கு நான் காரணம் என்று ஒரு வரி இருந்தாலும் போடமாட்டேன். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அந்தப் பிள்ளைக்குக் கண் தெரிகிறது. அதைச் சோதித்துப் பார்த்தவன் நான்.

போன மாசியில் அவனியாபுரம் போனேன். காலை பத்து மணி, நல்ல வெயில். முத்துத்தாய் பைப்படிக்குப் போயிருந்தாள். தங்கப்பொண்ணுக்கு இப்போது பத்து வயது. வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள், சொத்தைக் கடலை ஒன்றுகூடச் சுளகில் விழவில்லை. நான் நாலு முழத் தூரத்தில் சத்தம் காட்டாமல் நின்றேன். நிமிர்ந்தாள்.

“பேயாண்டித் தாத்தாவா?”

“எப்படித் தெரிஞ்சுச்சு?”

“சோப்பு வாடை.”

பார்த்தீர்களா, கேட்டதும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறாள். தாகமாக இருக்கிறது, தண்ணீர் கொண்டுவா என்றேன். எழுந்து விறுவிறுவென்று உள்ளே போனாள். எதிலும் இடிக்கவில்லை. அவள் மொண்டுகொண்டு திரும்புவதற்குள், உள்ளே கிடந்த முக்காலியை எடுத்து வழியில் நடுவாக வைத்தேன். உங்கள் அப்பா நாற்காலியை வைத்த மாதிரிதான். மூச்சுக் காட்டாமல் ஓரமாக நின்றேன்.

போன வேகத்திலேயே வந்தாள். முக்காலியில் கால் தட்டிச் செம்போடு குப்புற விழுந்தாள். கையைக்கூட ஊன்றவில்லை. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று தெறித்துத் தரையில் கிடந்தது.

“தாத்தா, என்ன கெடக்கு அங்க? இங்க ஒண்ணும் இருக்காதே” என்றாள்.

நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். கண் தெரியாதவள் அத்தனை வேகமாக நடப்பாளா? தடவித் தடவியல்லவா வருவாள்? இது பிடிவாதம். ஊரெல்லாம் குருடி என்று சொல்லிச் சொல்லி, டாக்டர் வேறு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து கொஞ்சி, பிள்ளைக்கு அதுவே பழக்கமாகிவிட்டது.

அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். முக்காலியைச் சுவரோரம் வைத்தேன். கையெல்லாம் ரத்தம், எச்சில். பைக்குள் சோப்பு வைத்திருப்பேன், தெருக்குழாயில் நன்றாகக் கழுவிக்கொண்டேன். முத்துத்தாய் வருகிற வரைக்கும் நிற்கவில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன். தெரு முனையில் திரும்பிப் பார்த்தேன். வாயைப் பாவாடையால் பொத்திக்கொண்டு வாசலில் எழுந்து நின்று, நான் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகிற பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள். கண் தெரியாத பிள்ளை அப்படிப் பார்க்குமா?